10 அடி அகல அறையில் கிளிப்ஷ்ஹார்ன் வைக்கலாமா? முடிவெடுக்க உதவுங்கள்

#1 | வைசியாள்வீதி

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரியில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு சொல்தா குடும்பம் இருக்கிறது. பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பும்போது ஒரு ஜோடி கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கரை (அறை மூலையில் நிறுத்துகிற பெரிய ஸ்பீக்கர்) கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். எழுபதுகளில் செய்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அவர் ஹாலில் போய் உட்காருவேன். தவில் என்றால் என்ன என்பதே எனக்கு அங்கேதான் புரிந்தது.

அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு பிரான்சுக்கே போகிறார்கள். "தெரியாத ஆளுக்குக் கொடுக்க மனசு வரலை தம்பி, நீ எடுத்துக்கோ" என்கிறார் பெரியம்மா. விலையும் எனக்குக் கட்டுப்படியாகும். ஒரே நிபந்தனை, ஜோடியைப் பிரிக்கக் கூடாது.

என் கவலை அறைதான். திண்ணையை ஒட்டிய அறை. அகலம் 10 அடி, நீளம் 22, உயரம் 10.5. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய செங்கல் சுவர், ஒன்றேகால் அடி கனம். மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை). தெருப்பக்கத்துக் குறுகிய சுவரில் நட்டநடுவே ஜன்னல். இடது மூலை சுத்தமாக இருக்கிறது. வலது மூலையிலிருந்து 3 அடி தள்ளி, பக்கச் சுவரில் முற்றத்துக்குப் போகும் கதவு. எதிர்ப்பக்கக் குறுகிய சுவரில் உள்கட்டுக்குப் போகும் வழியும் அலமாரியும்.

டேப் வைத்து அளந்தேன். பெட்டி மூலையிலிருந்து சுவரோடு 79 சென்டிமீட்டர் வருகிறது, கதவு 91இல் தொடங்குகிறது. ஆக, இடம் இருக்கிறது. ஆனால் ஒலி எப்படி இருக்கும்? என்னிடம் 8 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். கேட்பது பெரும்பாலும் 78 சுற்று இசைத்தட்டுகளும் பழைய சினிமா எல்பிகளும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

#2 | மைக்செட்_வில்லியனூர்

தம்பி, முப்பது வருடமாகக் கூம்பு (குழாய் ஸ்பீக்கர்) கட்டிப் பிழைப்பவன் சொல்கிறேன். பெட்டி அடங்குகிறதா என்பது ஒரு கேள்வி, கூம்பு அடங்குகிறதா என்பது வேறு கேள்வி.

கோயில் திருவிழாவில் நாம் கட்டும் குழாய்க்கு வாய் அதன் நுனியிலேயே முடிந்துவிடும். கிளிப்ஷ்ஹார்னுக்கு அப்படி இல்லை. 1946இல் பால் கிளிப்ஷ் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற ஊரில் இதைச் செய்து விற்க ஆரம்பித்தார். 33 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலி வரை இறங்கும் ஒரு குழாயை நேராகச் செய்தால் அது வீட்டுக்குள் அடங்காது. அதனால் 15 அங்குல வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரின்) முன்னால் குழாயை உள்ளுக்குள்ளேயே மடித்தார். கடைசிப் பகுதியைச் செய்யாமலே விட்டார். அந்தக் கடைசிப் பகுதி வீட்டுக்காரனின் இரண்டு சுவரும் தரையும்தான்.

பெரியவர் வீட்டில் போய் ஸ்பீக்கரின் பக்கவாட்டில் எட்டிப்பார். முன்பலகைக்கும் சுவருக்கும் நடுவே சாண் அளவுக்கு இடைவெளி தெரியும். அதுதான் வாய். அதிலிருந்து பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வரும். பெட்டி முடிந்த பிறகும் ஓரிரண்டு அடிக்குச் சுவர் தொடர்ந்து ஓட வேண்டும். உன் வலது மூலையில் பெட்டி 79இல் முடிகிறது, 91இல் கதவு. வாய் திறக்கிற இடத்தில் சுவர் முடிந்துபோகிறது.

இன்னொன்று, சத்தத்தின் அளவு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபெல். சாதாரண ஷெல்ஃப் ஸ்பீக்கர் 85 கொடுக்கும். வித்தியாசம் 20 டெசிபெல் என்றால் பவரில் நூறு மடங்கு. உன் 8 வாட் ஏராளம். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற இரைச்சலும் அதே மாதிரி பெரிதாகக் கேட்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது வருகிற உறுமலைக் கட்டாயம் கேட்டுப் பார்த்துவிடு.

#3 | கடலூர்_ஓ.டி.

நான் இந்தத் தப்பைச் செய்தவன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஓல்டு டவுனில். முன்னறை அகலம் 11 அடி, நீளம் 16. வரைபடம் பார்த்து ஆசாரியை வைத்து இதே வகை மூலைக் கூம்பு ஒரு ஜோடி கட்டினேன். ஐந்து மாத வேலை. முதல் நாள் ராத்திரி நாதஸ்வரம் போட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீவாளியில் காற்று நுழைவது கேட்டது. மூச்சு எடுக்கிற இடம் தெரிந்தது.

மறுநாள் எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று போட்டேன். பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் வீங்கி வந்தது. அடுத்த சுரம் காணாமல் போனது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் காணாமல் போனது திரும்பி வந்தது, வேறொன்று தொலைந்தது. ஒரு வருடம் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தேன். பாட்டுக் கேட்டதைவிட பேஸைத் தேடியதுதான் அதிகம்.

ஸ்டீரியோவும் ஒட்டவில்லை. இந்த ஸ்பீக்கரைத் திருப்பிவைக்க முடியாது, மூலை என்றால் 45 பாகைதான். 11 அடி அகலத்தில் இரண்டின் பார்வையும் சுவரிலிருந்து ஐந்தரை அடியிலேயே குறுக்கே வெட்டிக்கொண்டது. நான் உட்கார்ந்திருந்ததோ 12 அடியில்.

பிறகு 2011 டிசம்பர் 30, தானே புயல். முன்னறைக்குள் முழங்கால் தண்ணீர். பிளைவுட்டின் அடிப்பகுதி ஊதிப்போய் ஏடு ஏடாகப் பிரிந்தது. மேல்பகுதியை மட்டும் காப்பாற்றினேன். கடற்கரை ஊரில் தரைத்தளத்தில் இதை வைப்பவர்கள் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்.

#4 | லாஸ்பேட்டை_கணக்கு

ஓ.டி. அண்ணன் பட்ட பாட்டுக்கு எண் கொடுக்கலாம்.

நம் ஊர் வெக்கையில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களின் தூரத்தை இரண்டால் பெருக்கி, அந்த எண்ணால் 349ஐ வகுத்தால் அந்தச் சுவர்களுக்கு நடுவே தங்கி நிற்கும் அதிர்வு கிடைக்கும். உங்கள் அகலம் 3.05 மீட்டர், அதற்கு 57 ஹெர்ட்ஸ். உயரம் 3.2 மீட்டர், 54.5. நீளம் 6.7 மீட்டர், 26. நீளத்தின் இரண்டாவது அதிர்வு 52.

52, 54.5, 57. மூன்றும் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. பேஸ் கிட்டாரின் ஒரு திறந்த தந்தியே 55 ஹெர்ட்ஸ். இதில் மூலை என்பது அறையின் எல்லா அதிர்வையும் முழுமூச்சாகத் தட்டி எழுப்பும் இடம். மூலையில் வைப்பதற்கென்றே செய்த ஸ்பீக்கர் இதை மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம். இரண்டு மூலையிலும் ஒரே பேஸ் ஒலித்தால், அகலத்து 57ஐ ஒன்று தூக்க, மற்றது அமுக்கும். கிட்டத்தட்ட அடங்கிவிடும். ஆனால் இரண்டு மூலையும் ஒரே மாதிரி இருந்தால்தான் அது நடக்கும். கதவு அதைக் கெடுக்கிறது.

வாங்குவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். கையில் இருக்கிற எந்த வூஃபரையும் அந்த மூலையில் தரையில் வையுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு 40 முதல் 80 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே அறை முழுக்க நடங்கள். 16.5 அடியில் மட்டும் நாற்காலி போடாதீர்கள், 52 அங்கே செத்துப்போகும்.

#5 | தச்சுப்பட்டறை_அரியாங்குப்பம்

சுவர் கனம் ஒன்றேகால் அடி என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இந்த ஸ்பீக்கருக்கு அசையாத சுவர் வேண்டும். ஜிப்சம் பலகைத் தடுப்பு என்றால் பேஸில் பாதியைச் சுவரே தின்றுவிடும். சுண்ணாம்புச் சுவர் தின்னாது.

ஆனால் பழைய வீட்டு மூலை 90 பாகையில் இருப்பது அபூர்வம். கொத்தனாரின் மூலைமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே அளக்கவும். சரியாக 5 அடி வர வேண்டும். தரையிலும் நெஞ்சு உயரத்திலும் இரண்டு தடவை அளக்க வேண்டும், காரை மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருக்கும்.

அந்தக் காலத்து மாடலுக்கு முதுகு திறந்திருக்கும். ஓரம் சுவரோடு ஒட்டாவிட்டால் பேஸ் பின்னாலேயே ஒழுகிவிடும். ஓரத்தில் ரப்பர் ஃபோம் பட்டை ஒட்டி, சுவரோடு அழுத்தி நிறுத்த வேண்டும். சுவரடியில் ஸ்கர்ட்டிங் கல் பதித்திருந்தால் அது அரை அங்குலம் துருத்தும், அதற்கு மேலே இடைவெளி விழும். அந்த அளவுக்குக் கட்டை சீவி அடைக்கலாம். இப்போது வரும் புதிய கிளிப்ஷ்ஹார்னுக்கு முதுகு மூடியிருக்கிறது, மூலையை ஒட்டி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கதவு விஷயம்: பாட்டுக் கேட்கும் நேரம் மட்டும் கதவின் மேல் ஒரு அங்குலப் பிளைப் பலகையைச் சாத்திப் பொய்ச்சுவர் ஆக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் கனத்த சுவரில் கதவு உள்வாங்கி இருக்கும். பலகைக்குப் பின்னால் அரை அடிக்கு ஒரு காலிப் பொந்து. அது தனியாக உறுமும். பொந்தை அடைத்துவிட்டால் கதவே இல்லை.

#6 | வைசியாள்வீதி

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயந்திரம் முழுக்க இதே வேலை.

பழைய 10 அங்குல வூஃபர் பெட்டி ஒன்று பரணில் இருந்தது. இடது மூலையில் வைத்து, கணக்கு சார் சொன்னபடி 40இலிருந்து ஏற்றினேன். 50 வரை ஒன்றும் தெரியவில்லை. 53இல் அறை கனக்க ஆரம்பித்தது. 54க்கு வந்ததும் ஜன்னல் கொக்கி தானாக நடுங்கியது. விரலை வைத்தால் நின்றது, எடுத்தால் மறுபடி டிர்ர்ர் என்று ஆரம்பித்தது. 58ஐத் தாண்டியதும் அடங்கிவிட்டது. காகிதத்தில் போட்ட கணக்கு என் வீட்டு ஜன்னல் கொக்கியில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

14 அடியில் நட்டநடு நாற்காலியில் உட்கார்ந்தால் 55 பாதிக்கு மேல் குறைந்தது. இடது சுவர் பக்கம் இரண்டரை அடி நகர்ந்தால் வந்துவிட்டது.

அதே வூஃபரை வலது மூலைக்கு மாற்றினேன். கதவு மூடியிருந்தபோது 40க்கும் 50க்கும் நடுவே இடதைவிடச் சன்னம். கதவைத் திறந்தால் அந்த மூலை ஒன்றுமே இல்லை, முற்றத்தில் போய் நின்ற அம்மாதான் "அங்க என்னடா உறுமுது" என்று கேட்டார்.

மூலைமட்டம்: இடது மூலையில் குறுக்களவு 5 அடிக்குக் கால் அங்குலம் அதிகம். வலதில் முக்கால் அங்குலம் அதிகம்.

#7 | முத்தியால்பேட்டை_எல்பி

நீளச் சுவரில் வைத்தால் என்ன? கிளிப்ஷே நீளச் சுவரைத்தானே விரும்பினார்? 22 அடி இடைவெளியில் நடுவில் ஓட்டை விழும் என்பார்கள். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார், நடுவில் மூன்றாவது ஸ்பீக்கர். 1957இல் வந்த ஹெரசி அந்த நடு இடத்துக்காகவே செய்த சின்னப் பெட்டி.

#8 | கடலூர்_ஓ.டி.

அண்ணே, நீளச் சுவரில் வைத்தால் எதிர்ச் சுவர் 10 அடியில் வந்துவிடும். நாற்காலி சுவரோடு ஒட்டும். இரண்டு பார்வையும் சந்திக்கிற இடம் 11 அடியில், அதாவது எதிர்ச் சுவருக்கும் பின்னால். கேட்பவர் தலை சுவரில் முட்டிக்கொண்டு, இடதுகாதுக்கு ஒரு ஊர், வலதுகாதுக்கு ஒரு ஊர் என்று உட்கார வேண்டும். தவிர, அந்த நீளச் சுவரின் ஒரு முனையில் அலமாரி, இன்னொரு நீளச் சுவரில் முற்றத்துக் கதவு. எங்கே திருப்பினாலும் அந்த அறைக்கு ஒரு நல்ல மூலைதான் இருக்கிறது.

#9 | திருப்பாதிரிப்புலியூர்_அக்கா

ஒரு மூலை போதுமே, தம்பி.

நான் வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் ஜோடி ஜோடி என்று பேசுகிறீர்கள். கிளிப்ஷ்ஹார்ன் பிறந்தது 1946இல். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்ததே 1958 வாக்கில். நடுவே பன்னிரண்டு வருடம் இதை வாங்கியவர்கள் ஒன்றைத்தான் வாங்கினார்கள், ஒரு மூலையில்தான் வைத்தார்கள். 1953இல் வந்த டேனாய் ஆட்டோகிராஃபும் அதே காலத்து, அதே மூலைக்காகச் செய்த பொருள். ஒற்றை மூலை இந்த ஸ்பீக்கருக்குக் குறை இல்லை. அது பிறந்த வீடு.

இப்போது உங்கள் இசைத்தட்டுகளைப் பாருங்கள். 78 சுற்று என்றால் எல்லாமே மோனோ, இடம் வலம் என்று பிரிக்காத ஒரே ஒலி. பழைய சினிமாப் பாட்டிலும் பெரும்பகுதி மோனோ. ஒரு மைக்குக்கு முன்னால் நின்று பாடியதை எதற்கு இரண்டு மூலையில் பிரிக்க வேண்டும்? 10 அடி அறையில் இரண்டு ஸ்பீக்கரில் மோனோவைப் போட்டால், தலையை ஒரு சாண் திருப்பினாலும் குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் இழுக்கும். ஒன்றில் போட்டால் பாடுகிறவர் அந்த மூலையில் நிற்பார். நீங்கள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயேதான் நிற்பார்.

நாற்காலியை நடுவில் போட வேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது. நீங்களே சோதித்தீர்கள், இடது சுவர் பக்கம் இரண்டரை அடி நகர்ந்தால் பேஸ் வருகிறது என்று. ஸ்டீரியோவில் அந்த இடத்தில் உட்கார முடியாது. மோனோவில் தாராளமாக உட்காரலாம்.

வேலை சின்னதுதான். ஊசி மாட்டுகிற கார்ட்ரிஜ் ஸ்டீரியோ என்றால் இரண்டு சேனலையும் இணைத்துவிடுங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் கரகரப்பு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 78க்கு அகல ஊசி தனியாக வேண்டும், எல்பி ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் போய் உரசும்.

#10 | முத்தியால்பேட்டை_எல்பி

அக்கா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒரே ஆள் ஐம்பது வருடம் சேர்த்து வைத்த ஜோடி. ஒன்றைப் பேசவைத்து மற்றதை மூடி வைப்பதா? எழுபதுகளுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் ஸ்டீரியோவை எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார்கள். அதையெல்லாம் ஒரு மூலைக்குள் அமுக்குவது நியாயமா? கணக்கு சாரும் சொன்னாரே, இரண்டு இருந்தால் 57 அடங்கும் என்று.

#11 | லாஸ்பேட்டை_கணக்கு

சொன்னேன். இரண்டு மூலையும் ஒன்றுபோல இருந்தால் என்றும் சொன்னேன். நேற்றைய சோதனையில் வலது மூலை பாதி மூலைதான் என்று தெரிந்துவிட்டது. அதை நம்பி இன்னொரு ஸ்பீக்கரை வைத்தால் 57 அடங்குவது பாதி, இடமும் வலமும் வேறு வேறாகக் கேட்பது மீதி.

ஒற்றை ஸ்பீக்கரில் 57 முழுதாக எழும் என்பது உண்மை. மேடாக எழுவதை ஈக்வலைசரில் மூன்று நாலு டெசிபெல் இறக்கிக்கொள்ளலாம். பள்ளமாக விழுவதைத்தான் எதை வைத்தும் நிரப்ப முடியாது. ஆகவே பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுவிட்டு மேட்டைச் செதுக்குவது நல்ல வழி. அக்கா சொல்வதும் அதைத்தான்.

#12 | மைக்செட்_வில்லியனூர்

பின்பக்க மூலைகளில் எதையாவது அடைக்க நினைப்பாய். பஞ்சுமெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் குரல் கொஞ்சம் தெளியும், 55ஐ அது தொடாது. ராக்வூல் (கல்நார்போல அழுத்திய பாறைப் பஞ்சு) பலகையை அரை அடிக்கு மேல் கனமாக அடுக்கினால்தான் அந்தப் பக்கம் லேசாக அசையும். மெத்தையை வைத்துவிட்டு பேஸ் சரியாகவில்லை என்று நொந்துகொள்ளாதே.

#13 | வைசியாள்வீதி

முடிவுக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லோரும் இவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை பெரியம்மா வீட்டுக்கு என் ஆம்ப்ளிஃபயரையும் நாலு இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இடது ஸ்பீக்கரை மட்டும் இணைத்தேன். முதலில் ஒன்றும் போடாமல் காதைக் கிட்டே வைத்தேன். மெலிதான உறுமல் இருந்தது. மெயின் சுவிட்சை இறக்கி இன்வெர்ட்டரில் ஓடவிட்டபோது அது நன்றாகவே கேட்டது. அந்த நேரத்தில் பாட்டுக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு நாதஸ்வரத் தட்டு. சின்ன வயதில் அதே ஹாலில் இரண்டிலும் கேட்டது. ஒன்றில் கேட்டபோது தவில் முன்னைவிட ஒரே இடத்தில் நின்றது. இடப்பக்கத் தொப்பியில் கோல் விழும் அடியும் வலந்தலையில் கூடு போட்ட விரல் அடியும் இரண்டு கையாகத் தெரிந்தன. பெரியம்மா அடுக்களையிலிருந்து வந்து ஈரக் கையோடு தூணில் சாய்ந்து நின்றார். தட்டு முடிந்ததும், "வாங்கின புதுசுல ஒன்னுதான் வேலை செஞ்சிது, மத்ததுல ஏதோ கம்பி விட்டுப்போச்சு. ரெண்டு மாசம் இப்படித்தான் கேட்டாரு" என்றார். அதுவரை எனக்கும் தெரியாது.

ஜோடியாகவே எடுத்துக்கொள்கிறேன், பெரியம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை அது. ஒன்று இடது மூலையில் பேசும். மற்றது மாடி அறையில் இருக்கும். எல்பி அண்ணே, உங்கள் வருத்தம் எனக்கும் இருக்கிறது. ஸ்டீரியோ பாட்டுகளுக்கு என் பழைய சின்ன ஜோடி இருக்கிறது, அவற்றைக் குறுக்கே நடு அறையில் வைத்துக்கொள்கிறேன். கதவை இடம் மாற்ற முடியுமா என்று கொத்தனாரையும் கேட்டேன். நிலைக்கு மேல் உத்தரம் உட்கார்ந்திருக்கிறது, தொடாதீர்கள் என்றுவிட்டார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் எங்கள் திண்ணை வரை தண்ணீர் வந்தது. ஓ.டி. அண்ணன் சொன்னதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கீழே வைக்கிற ஸ்பீக்கருக்கு என்ன செய்யலாம்?

#14 | தச்சுப்பட்டறை_அரியாங்குப்பம்

அடியில் செங்கல் கொடுக்காதீர்கள், கீழே பொந்து விழும். மூலை முழுக்க நிரம்புகிற மாதிரி ஒன்றரை அங்குலக் கடப்பாக் கல் ஒன்றை வெட்டிப் போடுங்கள். அதுவே தரையாகிவிடும். திண்ணைத் தண்ணீர் உள்ளே கொஞ்சம் கசிந்தாலும் பலகையைத் தொடாது. புயல் அறிவிப்பு வந்தால் மேல்பகுதியைத் தனியாகக் கழற்றித் தூக்கிவிடலாம், அது பேஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதுதான்.

மாடியில் வைப்பதைப் பாலித்தீனால் சுற்ற வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டி போர்த்துங்கள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கட்டும், மாதம் ஒருமுறை அடியில் டார்ச் அடித்துக் கரையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள்.

#15 | வைசியாள்வீதி

கல்லுக்குச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வருகிறது. ஸ்பீக்கரை ஞாயிறு காலை 6 மணிக்கு நகர்த்துகிறோம். காந்தி வீதியில் சந்தைக் கடை போட ஆரம்பித்துவிட்டால் எங்கள் தெருவிலும் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஒவ்வொன்றும் நல்ல கனம். தள்ளுவண்டி இருக்கிறது, மாடிப்படி ஏற்றத்தான் ஆள் வேண்டும். வில்லியனூர் அண்ணன் இரண்டு பையன்களோடு வருவதாகப் போனில் சொன்னார். அக்கா, ஓ.டி. அண்ணே, கடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். பெரியம்மா எல்லோருக்கும் இட்லி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருபவர்கள் ஆளுக்கு ஒரு இசைத்தட்டு கொண்டுவாருங்கள், மோனோவாக இருக்கட்டும்.